கேளுங்கோ, சொல்லுறன்: அந்த மஞ்சள் பறவைக்குள்ள ஆர் நிக்கிறது?

போன இதழ் சிறுவர் பக்கத்தில, செசமி ஸ்ரீற் எண்ட அமெரிக்கச் சிறுவர் ரீவி நிகழ்ச்சியில வாற மஞ்சள் பொம்மைப் பறவை பிக் பேர்டின்ர படத்தைப் போட்டு நாலு வரி எழுதினதுதான், அதுக்கு வந்த கேள்வியள் விவசாயக் கேள்வியளையும் கல்யாணக் கேள்வியளையும் ஓரமாத் தள்ளிப்போட்டுது. பாதி, வெளிநாட்டுப் பேரப்பிள்ளையள் லீவுக்கு வந்து போன வீடுகளில இருந்து, மிச்சம் முன்பள்ளி ரீச்சர்மாரிட்ட இருந்தும் தாய்மாரிட்ட இருந்தும். நெல்லுக்குப் பூச்சி மருந்து கேட்டவை ஒரு இதழ் பொறுங்கோ. பெயர் போட வேண்டாம் எண்டு கன பேர் கேட்டதால ஒருத்தற்ற பெயரும் போடேல்லை, ஊர் மட்டும்தான்.

*கனடாவில இருந்து மகள் குடும்பம் ஆடி லீவுக்கு வந்தவை. பேரனுக்கு நாலு வயசு, ஒரு மஞ்சள் பொம்மையைக் கட்டிப்பிடிச்சபடிதான் சாப்பாடும் நித்திரையும். இது கோழியோ கொக்கோ எண்டு கேட்டதுக்கு, அம்மம்மா இது பிக் பேர்ட் எண்டு கோவிச்சுக்கொண்டு போட்டான். ஆள் ஆர் எண்டு விபரமாச் சொல்லுங்கோ, அடுத்தமுறை வரேக்க நானும் ரெண்டு கதை கதைக்க வேணும்.*
ஒரு அம்மம்மா, மல்லாவி

அம்மா, அவன் கோவிச்சது நியாயம், இனிக் கோழி எண்டு சொல்லிப்போடாதேங்கோ. ஆளின்ர உயரம் 8 அடி 2 அங்குலம், வயசு 6. 1969 நவம்பர் 10 ஆம் திகதி அமெரிக்காவில செசமி ஸ்ரீற் தொடங்கின காலத்தில இருந்து இருக்கிறார், அண்டைக்குப் பிறந்த பிள்ளையள் இப்ப பேரப்பிள்ளை கண்டிட்டினம், இவர் மட்டும் அந்த ஆறிலயே நிக்கிறார். பிறந்தநாள் மார்ச் 20. 123 ஆம் நம்பர் வீட்டுக்குப் பக்கத்தில பெரிய கூடு கட்டி இருக்கிறார், கட்டிப்பிடிச்சுப் படுக்க அவரிட்டயும் ஒரு கரடிப் பொம்மை இருக்கு, அதின்ர பெயர் ரேடார். ஆங்கில எழுத்து 26 ஐயும் ஒரே சொல்லு எண்டு நினைச்சு வாசிக்கப் பாத்த ஆளும் இவர்தான்.

நிகழ்ச்சியைத் தொடக்கினவை ரெண்டு பேர், ஜோன் கான்ஸ் கூனி எண்ட ரீவி தயாரிப்பாளரும் லொயிட் மொரிசெற் எண்ட உளவியல் படிச்சவரும். ரீவிக்கு முன்னால இருந்து விளம்பரப் பாட்டெல்லாம் பாடமாக்கிற பிள்ளை ஏன் எழுத்தையும் எண்ணையும் பாடமாக்கேலாது எண்டதுதான் அவையின்ர யோசனை, அதுவும் முன்பள்ளிக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளையளை மனசில வைச்சு. தொடக்கத்தில பிக் பேர்ட் பிள்ளை இல்லை, சும்மா பகிடிக்கு ஒரு மொக்குத் தடியன் மாதிரி வந்து போறவர். உள்ளுக்க நிண்டு ஆட்டின காரல் ஸ்பின்னிதான் இவரை ஒரு சின்னப்பிள்ளையா நடிச்சால் நல்லம் எண்டு சொன்னவர். அதோட ஆள் மாறீட்டார். தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறது, பிழை விடுறது, ஏன் ஏன் எண்டு கேட்டு ஆக்களை அரியண்டப்படுத்திறது, எல்லாம் வந்திட்டுது.

பேரன் அடுத்தமுறை போனில வந்தால் ஸ்னபி எங்க எண்டு கேளுங்கோ. அது ஆர் எண்டு கீழ ஒரு கேள்வியில வருது, வாசிச்சிட்டுக் கேளுங்கோ, ஆள் அசந்து போவான்.

*இது ரோபோவா? றிமோட்டில வேலை செய்யுதா? கண் சிமிட்டுது, தலை திரும்புது, சப்பாத்துக் கால் மாதிரி நடக்குது. நானும் நண்பனும் பந்தயம் கட்டியிருக்கிறம்.*
ஓ.எல். மாணவன், வவுனியா

தம்பி, றிமோட் எண்டு பந்தயம் கட்டியிருந்தால் காசை எடுத்து வையும். உள்ளுக்க ஒரு மனுசன், அவ்வளவுதான்.

எப்பிடி எண்டால், உள்ள நிக்கிறவர் வலது கையைத் தலைக்கு மேல நேரா உயர்த்திப் பிடிச்சிருப்பார், பறவையின்ர கழுத்து அவற்ற முழங்கை, பறவையின்ர தலை அவற்ற உள்ளங்கை. பஸ்ஸில மேல்கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மாங்குளத்தில இருந்து யாழ்ப்பாணம் மட்டும் நிண்டு போன ஆக்களுக்கு அந்தக் கை உளைவு தெரியும், இஞ்ச கம்பிக்குப் பதிலா கிட்டத்தட்ட 4 இறாத்தல் பாரமான ஒரு தலை. பெருவிரல் கீழ் அலகை ஆட்டும், சின்ன விரல் ஒரு சின்ன நெம்புகோலை அமத்தும், அதுதான் நீர் சொன்ன கண் இமை. இடது கை இடது செட்டைக்குள்ள. அப்ப வலது செட்டை? அதுக்குள்ள கை இல்லை, வெறும் அடைசல்தான். இடது கையில இருந்து ஒரு தூண்டில் நைலோன் நூல் கழுத்துப் பக்கத்தால போய் வலது செட்டையில கட்டியிருக்கு, இடது இறங்கினால் வலது உயரும். முல்லைத்தீவுக் கடற்கரையில வாங்கிற அதே தங்கூசி நூல் சாமான்தான், இதில என்ன ரெக்னோலொஜி இருக்கு எண்டு நினைக்கிறீரோ, எனக்கு அதுதான் பெரிய அதிசயமே.

இன்னொண்டு, உடுப்பில வெளிய பாக்க ஓட்டை இல்லை. பறவையின்ர கண்ணுக்கும் உள்ள நிக்கிறவற்ற கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் நெஞ்சில ஒரு குட்டி ரீவி மொனிற்றரைக் கட்டியிருப்பார், கமரா எடுக்கிற படம் அதில ஓடும், அதைப் பாத்துத்தான் நடக்கிறது, ஆளைக் கட்டிப்பிடிக்கிறது, கதவால போறது எல்லாம். கண்ணாடி பாக்கிற மாதிரி இல்லை அது, தான் வலப்பக்கம் போனால் படத்தில இடப்பக்கம் போவார், மூளை அதுக்குப் பழக வேணும். வசனம் எழுதின தாளை உள்பக்கம் ஒட்டி வைச்சிருப்பார். இவ்வளவையும் செய்துகொண்டு ஆறு வயசுப் பிள்ளையின்ர குரலில சிரிக்கவும் வேணும். வெளியில ஏறக்குறைய 4,000 வான்கோழி இறகு, மஞ்சள் சாயம் போட்டு ஒவ்வொண்டா ஒட்டினது. உடுப்பைக் கட்டினவர் கேர்மிற் லவ், பொம்மையளுக்கெல்லாம் மூளையா இருந்தவர் ஜிம் ஹென்சன்.

ஸ்பின்னி 1969 இல இருந்து இதைச் செய்தவர், 2015 இல உள்ளுக்க நிண்டு ஆட்டுறதை விட்டிட்டு 2018 மட்டும் குரல் குடுத்தவர், அதையும் விடேக்க அவருக்கு 84 வயசு. பேந்து 2019 டிசம்பரில செத்துப்போனார். குப்பைவாளிக்குள்ள இருந்து எல்லாரையும் ஏசிற ஒஸ்காரும் இதே மனுசன்தான், அதையும் சேத்து வையும், நண்பனோட அடுத்த பந்தயத்துக்கு உதவும். இப்ப பிக் பேர்டுக்குள்ள நிக்கிறவர் மற் வோகல்.

*ஆளை உள்ளுக்க விட்டு ஆட்டுறது பெரிய வித்தையோ? எங்கட நாட்டில பொம்மலாட்டம் இல்லையோ, வன்னியில கூத்து இல்லையோ? வெளிநாட்டான் செய்தால்தான் உங்கட பத்திரிகைக்காரருக்கு அருமை தெரியும்.*
கோவக்காரர் ஒருவர், புதுக்குடியிருப்பு

அண்ணை, இருக்கு. அம்பலாங்கொடைப் பக்கத்து நூல் பொம்மலாட்டத்தை 2018 இல யுனெஸ்கோ தன்ர மரபுரிமைப் பட்டியலில சேத்தது. எங்கட பக்கத்தில முல்லைமோடிக் கோவலன் கூத்து இண்டைக்கும் விடிய விடிய ஆடுகினம். அதின்ர அருமையை நானும் குறைச்சுச் சொல்ல வரேல்லை.

ஆனா ஹென்சன் செய்தது வேற வேலை. பொம்மலாட்டத்துக்கு ஒரு மேடை வேணும், ஒரு திரை வேணும், ஆட்டுறவர் அதுக்குப் பின்னால ஒளிக்க வேணும். அவர் ரீவியின்ர நாலு மூலையையே மேடையாக்கினவர், கமராவுக்குத் தெரியாத இடமெல்லாம் ஒளிக்கிற இடம்தானே, அப்ப திரை எதுக்கு. அதோட மரத்தில கொத்தின முகத்தை விட்டிட்டு ஸ்பொஞ்சும் துணியும் எடுத்தவர், கையை மடக்கினால் முகமே யோசிக்கிற மாதிரிச் சுருங்கும். கிட்டத்தில வைச்சு எடுக்கிற கமராவுக்கு அது காணும்.

எங்கட பக்கம் 90 களில வளந்த ஆக்களுக்கு இந்தப் பறவையைத் தெரியாமல் போனதும் ஒரு பெரிய மர்மம் இல்லை. கரண்டே இல்லை. ஊரில ஆரும் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் சேத்து டெக்கில படம் போட்டால் ரஜனி படம் போடுவினமோ செசமி ஸ்ரீற் போடுவினமோ, நீங்களே சொல்லுங்கோ.

*செசமி ஸ்ரீற்றில வாற நீலப் பொம்மை குக்கி மொன்ஸ்ரர் சாப்பிடுற விசுக்கோத்து எல்லாம் எங்க போகுது? அவருக்கு வயித்துக்குத்து வராதா?*
நாலாம் வகுப்பு, கிளிநொச்சி

குஞ்சு, ஒண்டும் உள்ள போறேல்லை, எல்லாம் நொருங்கி நிலத்திலதான் கொட்டுது, வடிவாப் பாரும். அது உண்மையான விசுக்கோத்தும் இல்லை. உண்மையானதில எண்ணெய் இருக்கும், அந்த எண்ணெய் பட்டால் அவற்ற நீலச் சடை பழுதாப் போடும், கழுவிக் காயப்போட ஏலாது. அதால பான்கேக் மா, அரிசிப் பொரி, இன்ஸ்ரன் கோப்பித்தூள் அப்பிடிச் சாமானுகளைத் தண்ணியில குழைச்சுச் சுட்டு வைச்சிருப்பினம். மேல தெரியிற சொக்லேற் துண்டு பசை. ஆகவே நீர் வாயில வைச்சிடாதேயும்.

*மகனுக்கு அஞ்சு வயசு. வேலிக்கு அங்கால ஒரு யானைக்குட்டி வந்து தன்னோட கதைக்குது எண்டு சொல்லுறான், அதுக்குப் பெயரும் வைச்சிருக்கிறான். எங்கட பக்கம் உண்மையிலயே யானை வாறதால முதல் பயந்தம், பாத்தால் அடியும் இல்லை தடமும் இல்லை. மாமி சாத்திரியிட்டக் காட்டச் சொல்லுறா, இவர் நாலு போடச் சொல்லுறார்.*
ஒரு தாய், மாங்குளம்

தங்கச்சி, சாத்திரியும் வேண்டாம் நாலும் வேண்டாம். யானை வாற ஊரில யானையைத்தான் கற்பனை பண்ணுவான், பின்ன பென்குயினையா? அந்த வயசில கன பிள்ளையளுக்கு இப்பிடி ஒரு கூட்டாளி இருக்கும், பேந்து தானாப் போயிடும். இருட்டினாப் பிறகு வேலிக்கு அங்கால போகக்கூடாது எண்டதை மட்டும் கண்டிப்பாச் சொல்லி வையுங்கோ, ஏனெண்டால் உங்கட ஊரில கற்பனை இல்லாத யானையும் வரும்.

ஆனா உங்கட கேள்விக்குப் பிக் பேர்டின்ர வீட்டில ஒரு பெரிய கதையே இருக்கு. 1971 இல அவருக்கு ஒரு கூட்டாளி வந்தது, ஸ்னபலுபகஸ் எண்டு வாயில நுழையாத பெயர், ஸ்னபி எண்டு கூப்பிடுவினம். மண்ணிறச் சடையும் தும்பிக்கையும் நீட்டுக் கண்மயிருமா ஒரு பெரிய உருப்படி, உள்ளுக்க ரெண்டு பேர் முன்னும் பின்னுமா நிண்டு ஆட்ட வேணும். பகிடி என்னெண்டால் பெரிய ஆக்கள் வரேக்க பாத்து ஸ்னபி எங்கயோ போயிடும். பிக் பேர்ட் சத்தியம் பண்ணாத குறை, ஒருத்தரும் நம்ப மாட்டினம், ஓமோம் உன்ர கற்பனை எண்டு தலையைத் தடவிப்போட்டுப் போவினம். ரீவியில பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தெரியும் ஸ்னபி உண்மை எண்டு. இப்பிடிப் பதினாலு வருசம் ஓடிச்சுது.

பிறகு 1985 நவம்பரில பெரிய ஆக்கள் எல்லாரும் ஸ்னபியைக் கண்ணால கண்டிச்சினம். ஏன் அந்தப் பகிடியை விட்டவை எண்டதைத்தான் நீங்கள் கேக்க வேணும். அந்த நேரம் அமெரிக்காவில பிள்ளையள் மேல நடக்கிற பாலியல் கொடுமை பற்றின செய்தியள் வெளிய வரத் தொடங்கினது. பறவை உண்மை சொல்ல வீட்டில பெரிசுகள் நம்பாமல் விடுறதைப் பாத்துப் பாத்து, சொன்னாலும் இவை நம்ப மாட்டினம் எண்டு ஒரு பிள்ளை நினைச்சிட்டால் தனக்கு நடந்ததை ஆரிட்டச் சொல்லும் எண்டு செய்யிறவை பயந்திட்டினம். நல்லா ஓடிக்கொண்டிருந்த பகிடியை அதுக்காகக் குப்பையில போட்டவை.

அதால யானைக்குட்டியின்ர பெயர் என்ன, என்ன சாப்பிடும், எங்க படுக்கும் எண்டு கேளுங்கோ. நீ பொய்க்காரன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கு ரியூசனிலயோ வானிலயோ வேற ஒண்டு நடந்தால் அவன் உங்களிட்டத்தான் வந்து சொல்ல வேணும். இவரிட்டயும் இதை வாசிக்கக் குடுங்கோ.

*என்ர தங்கச்சியின்ர புருசன் மாசி மாசம் ட்ரக்டர் பிரண்டு மோசம் போட்டார். மருமகளுக்கு அஞ்சு வயசு. செத்தவீட்டு அண்டு அவளைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு, அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லிப்போட்டம். இப்ப கொழும்பு பஸ் வாற நேரம் ஓடிப்போய் ரோட்டில நிக்கிறாள். நீங்கள் எழுதின அந்தப் பறவை நிகழ்ச்சியில சாவைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொன்னவை எண்டு ஒராள் சொன்னார். உண்மையோ? நாங்கள் என்ன செய்யிறது?*
தாய்மாமன், ஒட்டுசுட்டான்

தம்பி, உண்மை. கொஞ்சம் விபரமாவே சொல்லுறன்.

அந்தத் தெருவில மிஸ்ரர் ஹூப்பர் எண்டு ஒரு கடைக்காரக் கிழவர். மூக்குக்கண்ணாடியும் ஏப்ரனும், வெளியில கடுகடுப்பு, உள்ளுக்க நல்ல மனுசன். பிக் பேர்டுக்குத் தானியம் போட்டு மில்க்சேக் அடிச்சுக் குடுக்கிறதும் கதை சொல்லுறதும் அவர்தான், பறவை ஒருநாளும் அவற்ற பெயரைச் சரியாச் சொன்னதில்லை, லூப்பர் கூப்பர் எண்டு ஏதாவது சொல்லும், அவர் கத்தித் திருத்துவார். அந்த வேசம் கட்டின வில் லீ 1982 டிசம்பரில உண்மையிலயே செத்துப்போனார்.

நிகழ்ச்சிக்காரருக்கு லேசான வழியள் இருந்தது. வேற ஒரு கிழவரைக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கலாம். இல்லாட்டி அவர் பென்சன் எடுத்துக்கொண்டு வெயில் ஊருக்குப் போட்டார் எண்டு ஒரு வரியில முடிச்சிருக்கலாம், அதாவது நீங்கள் சொன்ன கொழும்புக் கதைதான். ரெண்டையும் செய்யேல்லை. பிள்ளையளின்ர மனசைப் படிச்ச ஆக்களைக் கூப்பிட்டுக் கதைச்சு, சொல்லுறது எண்டு முடிவெடுத்தவை. 1983 நவம்பர் 24 ஆம் திகதி போட்டவை. அது அங்க நன்றி சொல்லுற பெருநாள், தாய் தகப்பன் வீட்டில நிப்பினம், பிள்ளை கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில ஆள் இருக்கும் எண்டு பாத்து வைச்ச நாள்.

அதில என்ன நடக்குது எண்டால், பறவை எல்லாற்ற படத்தையும் கீறிக் கொண்டுவந்து ஒவ்வொருத்தராக் குடுக்குது. எல்லாரும் வடிவா இருக்கெண்டு சிரிக்கினம். கடைசியில ஒரு படம் மிச்சம், மிஸ்ரர் ஹூப்பரின்ர. அவர் எங்க, குடுத்திட்டு வாறன் எண்டு வெளிக்கிடுது. பெரிய ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாக்கினம். பிறகு ஒரு அக்கா சொல்லுறா, அவர் செத்துப்போனார், உனக்கு முந்தியும் சொன்னனாங்கள், ஞாபகம் இல்லையோ. ஓ ஞாபகம் இருக்கு, சரி அப்ப வந்தாப் பிறகு குடுக்கிறன் எண்டு பறவை சொல்லுது. அந்த இடத்திலதான் எல்லாருக்கும் கண் கலங்குது. செத்த ஆக்கள் திரும்பி வாறேல்லை எண்டு சொல்லுகினம். ஒருநாளும் வரமாட்டாரோ எண்டு கேக்குது. அப்ப எனக்கு ஆர் மில்க்சேக் தாறது, ஆர் கதை சொல்லுறது எண்டு அடுத்த கேள்வி. கடையை இனிப் பாக்கப்போறவர் தான் செய்வன் எண்டு சொல்லுறார். அது முந்தின மாதிரி இருக்காது எண்டு பறவை கோவிக்குது, அவையும் ஓம் இருக்காது எண்டுதான் சொல்லுகினம். ஏன் இப்பிடி நடக்க வேணும், ஒரு நியாயம் சொல்லுங்கோ எண்டு நிக்குது. நியாயம் இல்லை, இப்பிடித்தான் எண்டு முடியுது. சாமி கூப்பிட்டது, விதி, நல்ல இடத்துக்குப் போட்டார், ஒண்டும் இல்லை. வருத்தம், ஆஸ்பத்திரி, வயசு எண்டும் ஒரு சொல்லு இல்லை. வருத்தம் வந்து செத்தார் எண்டால் தனக்குத் தடிமன் வரேக்க பிள்ளை பயப்படும், அதால தவிர்த்தவை. அந்தப் படத்தைப் பறவை தன்ர கூட்டுக்கு மேல கொழுவி வைக்குது. படங்களைக் கீறினதும் உள்ளுக்க நிண்ட அதே ஸ்பின்னிதான்.

இப்ப உங்கட கேள்விக்கு. என்ர அபிப்பிராயம், சொல்லத்தான் வேணும், கெதியாச் சொல்ல வேணும். அவள் அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போவாள், அங்க ஒரு பிள்ளை உன்ர அப்பா செத்துப்போட்டார் எண்டு பட்டெண்டு சொல்லும், அப்ப அப்பாவையும் இழந்து உங்கள் எல்லாரிலயும் உள்ள நம்பிக்கையையும் இழந்து போய் நிப்பாள். சொல்ல வேண்டிய ஆள் தாய், நீங்கள் பக்கத்தில இருங்கோ. நித்திரையாப் போட்டார் எண்டு சொல்லாதேங்கோ, படுக்கப் பயப்படுவாள். சாமியிட்ட போட்டார் எண்டால் எந்தப் பஸ்ஸில எண்டு கேப்பாள், இல்லாட்டிச் சாமியில கோவிப்பாள். ட்ரக்டர் பிரண்டது, அப்பா செத்துப்போனார், இனி வரமாட்டார், உன்னில பிழை இல்லை, அம்மாவும் மாமாவும் உன்னோட இருக்கிறம். அவ்வளவு காணும். அவள் அழுதிட்டுப் பத்து நிமிசத்தில விளையாடப் போனால் விளங்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ, நாளைக்கும் கேப்பாள், அடுத்த கிழமையும் கேப்பாள், பறவைக்கே ரெண்டாம் தரம்தான் விளங்கினது. ஒவ்வொருமுறையும் அதே பதிலைச் சொல்லுங்கோ. நித்திரை சாப்பாடு மாதக்கணக்காக் குழம்பினால் ஆஸ்பத்திரியில பிள்ளையளின்ர மனநலம் பாக்கிற டொக்டரிட்டக் காட்டுங்கோ, அதில வெக்கம் இல்லை.

அந்த வீடியோ யூரியூப்பில இருக்கு. பெரிய ஆக்கள் பாருங்கோ. பிள்ளைக்குப் போட்டுக் காட்டி உங்கட வேலையைப் பறவையிட்டக் குடுத்திட வேண்டாம்.

*2009 இல இருந்து மகனைத் தேடுறன். பேத்திக்கு இப்ப அஞ்சு வயசு, மகளின்ர பிள்ளை. சுவரில இருக்கிற படத்தைக் காட்டி இந்த மாமா எப்ப வருவார் எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்ல.*
ஒரு தாய், கிளிநொச்சி

அம்மா, மேல எழுதின ஒண்டும் உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பறவைக்குச் சொன்ன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும். உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவை இன்னும் சொல்லேல்லை, 2017 பெப்ரவரி 20 இல இருந்து கந்தசுவாமி கோயில் வாசலில இருந்து கேட்டும் சொல்லேல்லை. வருவார் எண்டோ வரமாட்டார் எண்டோ சொல்லுங்கோ எண்டு ஒரு தாய்க்கு எழுத எனக்கு உரிமை இல்லை.

தெரிஞ்சதைச் சொல்லலாம். அவற்ற பெயர், அவர் என்ன சாப்பாட்டுக்குச் சண்டை பிடிச்சவர், எந்த மரத்தில ஏறி விழுந்தவர். எங்க இருக்கிறார் எண்டு அம்மம்மாக்குத் தெரியாது, அதுதான் படத்தைக் கொண்டுபோய் ரோட்டில இருந்து கேக்கிறன் எண்டு சொல்லலாம். அஞ்சு வயசுக்கு அது விளங்கும். உங்கட மகனைப் பற்றி நீங்கள் பேத்திக்குச் சொல்லுற கதையளை ஒரு கொப்பியிலயும் எழுதி வைக்கச் சொல்லி மகளிட்டச் சொல்லுங்கோ.

*முகாமில பிறந்து வளந்த பிள்ளையளுக்கெண்டு இப்பிடிப் பொம்மையள் ஆரும் செய்திருக்கினமோ?*
முன்பள்ளி ரீச்சர், செட்டிக்குளம்

இருக்கு ரீச்சர். செசமி ஸ்ரீற்றைச் செய்யிற நிறுவனம் 2020 இல பங்களாதேசில இருக்கிற ரோகிங்கியா அகதிப் பிள்ளையளுக்காக நூர், அசீஸ் எண்டு இரட்டைப் பிள்ளையளை அறிமுகப்படுத்தினது, ரெண்டு பேருக்கும் ஆறு வயசு. அதே வருசம் சிரியா அகதிப் பிள்ளையளுக்கு அரபு மொழியில ஒரு நிகழ்ச்சி தொடங்கினது, பஸ்மா எண்டு ஒரு பிள்ளை, ஜாட் எண்டு தன்ர ஊரை விட்டு வந்த ஒரு பெடியன், வட்டமா இருக்கிறதெல்லாம் சாப்பிடுற ஒரு ஆட்டுக்குட்டி. பயம், கோவம், கவலை வந்தால் என்ன செய்யிறது எண்டதுதான் அதில பாடம், எழுத்தும் எண்ணும் பிறகுதான். தென்னாபிரிக்காவில 2002 இல எச்.ஐ.வி. தொற்றுள்ள காமி எண்டு ஒரு பொம்மைப் பிள்ளையைக் கொண்டுவந்தவை, அதோட சேந்து விளையாடலாம் எண்டு மற்றப் பிள்ளையளுக்குக் காட்ட.

பக்கத்து நாடுகளில பிக் பேர்ட் வாறேல்லை, அந்தந்த ஊருக்கு ஏத்த ஆள்தான். பங்களாதேசில 2005 இல ஹாலும் எண்டு ஒரு புலி, இந்தியாவில 2006 இல ஹிந்தியில பூம்பா எண்டு ஒரு சிங்கமும் சம்கி எண்டு பள்ளிக்கூட உடுப்புப் போட்ட பிள்ளையும். எங்களுக்கு எண்டு செய்தால் புலியும் சரிவராது சிங்கமும் சரிவராது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மயில் ஒண்டு வைக்கலாம், விதைச்ச உழுந்தைக் கொத்துதெண்டு தோட்டக்காரர் சண்டைக்கு வருவினம். மெனிக் பாம் முகாமில சின்னனா இருந்த பெடியள் பெட்டையள் இப்ப இருபது தாண்டினவை, அவையில ஆரும் இதில இறங்கினால் இந்தப் பத்திரிகையில முழுப்பக்கம் தாறன்.

*எங்கட முன்பள்ளியில பத்துப் பன்னிரண்டு பிள்ளையள். கைப்பொம்மை ஒண்டு செய்து கதை சொல்லலாம் எண்டு யோசிக்கிறன். காசில்லை. எப்பிடிச் செய்யிறது?*
ரீச்சர், துணுக்காய்

காசே வேண்டாம். ஜிம் ஹென்சன் 1955 இல கேர்மிற் எண்ட தன்ர பேர்போன பொம்மையை முதல்முதல் செய்தது தாயின்ர பழைய கோட்டு ஒண்டை வெட்டி, கண்ணுக்குப் பிங்பொங் பந்து ஒண்டை ரெண்டாப் பிளந்து ஒட்டித்தான். நீங்கள் ஒரு நீட்டுக் காலுறை எடுங்கோ, சவர்க்காரப் பெட்டி மட்டையை வட்டமா வெட்டி நடுவால மடிச்சு விரல் நுனிப் பக்கம் உள்ளுக்க வைச்சு ஒட்டுங்கோ, அது வாய். நாலு விரல் மேல, பெருவிரல் கீழ.

கண்தான் முக்கியம். ரெண்டு சட்டைப் பொத்தான் போதும், ஆனா தள்ளித் தள்ளி ஒட்டாமல் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவாங்கோ, கறுப்புப் புள்ளியை மட்டுமட்டா உள்பக்கம் சரிச்சு வையுங்கோ. அப்பதான் பிள்ளையைப் பாக்கிற மாதிரி இருக்கும், இல்லாட்டி எங்கயோ பராக்குப் பாக்கும். புதுசா ஆட்டுற எல்லாரும் விடுற பிழை, மணிக்கட்டை நேரா வைச்சிருக்கிறது, பொம்மை கூரையைப் பாத்துக் கதைக்கும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ மடியுங்கோ.

வாய் ஆட்டேக்க மேல் நாலு விரலையும் தூக்காதேங்கோ, மனுசருக்கும் மேல்வாய் அசையிறேல்லைத்தானே, பெருவிரலை மட்டும் கீழ இறக்குங்கோ. சொல்லு வரேக்க வாய் திறக்க வேணும், கடிக்கிற மாதிரி மூடக்கூடாது. அம்மா எண்டு சொன்னால் ம்-இல வாய் ஒட்டி, மா-வில பெரிசாத் திறக்கும். வலக்கைக்காரர் வலக்கையைத் தலைக்குள்ள வைப்பினம், மற்றக் கைதான் பொம்மையின்ர கையை ஆட்டும், அதால கேர்மிற் முதல் அங்க கன பொம்மையள் இடக்கைக்காரர்.

கண்ணாடிக்கு முன்னால நிண்டு கத்தரிக்காய் எண்டு சொல்லிப் பாருங்கோ, நாலு தரம் திறக்க வேணும். முதல் நாளே நீட்டுக் கதை சொல்ல வெளிக்கிடாதேங்கோ, கை உளைஞ்சு பொம்மையின்ர தலை சரியும், உங்கட பன்னிரண்டு பேரும் அதை உடன பிடிச்சிடுவினம். செய்து முடிச்சால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, சிறுவர் பக்கத்தில இடம் விட்டு வைக்கிறன்.